வெடிமருந்து போய், கோப்பு வந்த கதை

ஜூலை 14, நம் ஊர் பெரியவர்கள் சொல்லும் 'கத்தோர்ஸ் ழுய்யே', பஸ்தீல் சிறை விழுந்த நாள். அந்தச் சிறைக்கு அருகிலேயே இருந்த ஆர்செனாலைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. பாரீசில் அரசரின் ஆயுதச்சாலை அது. பீரங்கி வார்த்தார்கள், வெடிமருந்து செய்தார்கள். பீரங்கித் துறைத் தலைவர் சுய்லியின் ஜாகையும் அங்கேதான். 1610-இல் நாலாம் ஆன்ரி மன்னர் கத்திக்குத்துப்பட்டு இறந்தது, உடல்நலமில்லாத சுய்லியைப் பார்க்கப் போன வழியில்.

பின்னர் ஆயுதம் குறைந்து புத்தகம் பெருகியது. 1757-இல் மர்கி தெ போல்மி அங்கே தம் நூலகத்தை அமைத்தார். 1789-இல் கலவரத்துக்கு அஞ்சி, ஆர்செனாலில் இருந்த வெடிமருந்தைப் பஸ்தீலுக்கு மாற்றினார்கள். ஜனங்கள் சிறையைச் சூழ்ந்தது முக்கியமாக அந்த மருந்துக்காகத்தான். உள்ளே இருந்த கைதிகள் ஏழே பேர்! சிறை விழுந்ததும் கோப்புகளை வெளியே வாரி இறைத்தார்கள். மிஞ்சியதைத் திரட்டி, பிற்பாடு ஆர்செனாலிலேயே கொண்டுவந்து வைத்தார்கள். 1797 முதல் அது பொது நூலகம்.

கைது உத்தரவு, விசாரணைக் குறிப்பு எல்லாம் இன்றும் அங்கே இருக்கின்றன. காலமெல்லாம் கோப்பு கட்டிய எனக்கு, ராஜா போயும் அவர் குமாஸ்தாக்களின் கையெழுத்து நிற்பதில் கொஞ்சம் பெருமைதான். 1934 முதல் அந்தக் கட்டடம் பிரெஞ்சு தேசிய நூலகத்தின் ஒரு பிரிவு.