மூச்சை அமத்திய கைகள்

அம்புலன்ஸிலோ அவசர சிகிச்சைப் பிரிவிலோ கண்டிருப்பீர்கள். முகமூடியோடு பூட்டிய ஒரு பிளாஸ்ரிக் பை. மூச்சு நின்றவரின் வாயையும் மூக்கையும் முகமூடியால் இறுக்கிப் பிடித்து, ஒருவர் அந்தப் பையை அமத்திக்கொண்டே இருப்பார். 'அம்பு பாக்' என்றால் எல்லாருக்கும் விளங்கும். ஒருவருக்குப் பாவித்ததும் குப்பைக்குப் போகிற சாமான்தான். ஆனால் அதன் கதை லேசானது இல்லை.

1952ஆம் ஆண்டின் கோடைக்காலம். டென்மார்க்கின் தலைநகர் கொப்பன்ஹேகனில் போலியோ பரவியது. மூச்சுத் தசைகள் செயலிழந்தவர்கள் பிளெக்டம் வைத்தியசாலையில் வந்து குவிந்தார்கள். அங்கே இருந்ததோ ஒரேயொரு இரும்பு நுரையீரலும், நெஞ்சில் மாட்டுகிற ஆறு சிறிய கருவிகளும். தொடக்கத்தில் இவற்றால் சிகிச்சை பெற்ற 31 பேரில் 27 பேர் இறந்துபோனார்கள்.

மயக்கமருந்து நிபுணர் பியோன் இப்சன் வேறு வழி சொன்னார். ஓகஸ்ட் 27ஆம் திகதி, 12 வயதுச் சிறுமி ஒருத்தியின் தொண்டையில் துளையிட்டுக் குழாய் வைத்து, இறப்பர் பையை அமத்தி நுரையீரலுக்குள் காற்றைச் செலுத்தினார். சிறுமி பிழைத்தாள். வழி சரி. ஆனால் இரவும் பகலும் ஆர் அமத்துவது? மருத்துவ, பல்மருத்துவ மாணவர்கள் வந்தார்கள். ஏறக்குறைய 1,500 பேர், முறை வைத்து, மொத்தம் 165,000 மணித்தியாலங்கள் அமத்தினார்கள். முன்பு 100க்கு 87 ஆக இருந்த இறப்பு, பிறகு சுமார் 25 அளவுக்கு இறங்கியது. இன்றைய தீவிர சிகிச்சைப் பிரிவின் தொடக்கம் இதுதான் என்கிறார்கள்.

அந்தப் பைக்கு ஒரு குறை இருந்தது. சிலிண்டரிலிருந்து வாயு வந்தால்தான் அது நிரம்பும். 1954இல் டென்மார்க்கில் லொறிச் சாரதிகள் வேலைநிறுத்தம் செய்தபோது வைத்தியசாலைகளுக்கு ஒட்சிசன் வராமல் போகும் நிலை. சிலிண்டரே இல்லாவிட்டால் என்ன செய்யலாம் என்ற கேள்வி ஹென்னிங் ரூபன் என்ற மயக்கமருந்து நிபுணரைப் பிடித்துக்கொண்டது. அவரும் பொறியியலாளர் ஹொல்கர் ஹெஸ்ஸேயும் சேர்ந்து, கையை எடுத்ததும் தானாகவே விரிந்து வெளிக்காற்றை இழுக்கும் பையைச் செய்தார்கள். முதல் மாதிரியை விரித்து வைத்திருந்தது சைக்கிள் கம்பி! 1956இல் அம்பு பை விற்பனைக்கு வந்தது. அதன்பின் சிலிண்டர் இல்லாத தெருவோரத்திலும் ஒருவருக்கு மூச்சுக் கொடுக்க முடிந்தது.

இறப்பர் பையைத் திரும்பத் திரும்பப் பாவிக்கலாம். ஆனால் வால்வுக்குள் சளியும் இரத்தமும் வாந்தியும் போய்விடும். ஒவ்வொரு முறையும் கழற்றி, கழுவி, கிருமி நீக்கி, பிழையில்லாமல் பூட்டவேண்டும். எங்கேயாவது தவறினால் ஒருவரின் தொற்று மற்றவருக்குப் போகும், அல்லது அவசர நேரத்தில் வால்வு வேலை செய்யாது. ஒருமுறை மட்டும் பாவிக்கும் பைகள் வந்தது இதனால்தான்.

ஆனாலும் கதை முடியவில்லை. 'ஒருமுறை மட்டும்' என்று எழுதியிருக்கும் பையைக் கழுவித் திரும்பப் பாவிக்கிற வைத்தியசாலைகள் வறிய நாடுகளில் இன்றும் உண்டு. வென்டிலேட்டர் போதாத இடங்களில் நோயாளியின் சொந்தக்காரரே மணிக்கணக்காக அமத்திக்கொண்டு இருக்கிறார்கள். 1952இல் மாணவர்கள் செய்தது ஒரு கொள்ளைநோய்க் காலத்து அவசரம். இதுவோ அன்றாடம். பை மலிவாகிவிட்டது. ஆனால் அதை அமத்தும் கைக்கு மாற்றாக ஒரு இயந்திரம் கிடைப்பது, நீங்கள் எந்த ஊரில் நோயாளியாகிறீர்கள் என்பதைப் பொறுத்துத்தான் இன்னும் இருக்கிறது.