சட்டமும் மனச்சான்றும்

பாண்டியன் நெடுஞ்செழியன் வரலாறு தமிழர் அறியாததன்று. ஆராயாது கோவலனைக் கொல்வித்த அம்மன்னன், கண்ணகி தன் சிலம்பை உடைத்து உண்மையை நிறுவிய அளவிலே அரியணையில் வீழ்ந்து உயிர்நீத்தான் எனச் சிலப்பதிகாரம் கூறும். பொய் புகன்றவன் பொற்கொல்லன், வாளோச்சியவன் காவலன். எனினும் மன்னன் பழியை அவர்கள்மேல் ஏற்றினானல்லன். ஆணை தன்னதாகலின் பழியும் தன்னதே எனக் கொண்டான். அரசாணையின் பின்னே ஒரு மனிதனின் மனச்சான்று நிற்றல் வேண்டும் என்பதே அக்காதை உணர்த்தும் அறமாகும். இவ்வறம் நம் காலத்திற் சோதனைக்குள்ளான வரலாறு, நாம் வாழும் இப்பெங்களூர் மாநகரோடும் தொடர்புடையது.

இன்று ‘பிரீடம் பார்க்’ என வழங்கும் பூங்கா முன்னாளில் மத்தியச் சிறைச்சாலையாய் இருந்தது. 1975 ஜூன் 25 இரவு நாட்டில் நெருக்கடி நிலை அறிவிக்கப்பெற்றது. நாடாளுமன்றக் குழுக் கூட்டத்தின் பொருட்டு இந்நகர் வந்திருந்த வாஜ்பாய், அத்வானி, மது தண்டவதே முதலியோர் மறுநாளே சிறைப்பட்டு இங்கு அடைக்கப்பெற்றனர். விசாரணையின்றிச் சிறைவைக்க ‘மிசா’ சட்டம் துணைநின்றது. 1976-இல் இங்கு அடைபட்ட நாடகக் கலைஞர் சிநேகலதா ரெட்டி ஆஸ்துமா நோயால் வாடி, 1977 ஜனவரியில் வெளிவந்த சின்னாளில் மாண்டார்.

நாடெங்கும் சிறைப்பட்டோர் ஆட்கொணர்வு மனுவால் நீதி வேண்டினர். கருநாடகம் உள்ளிட்ட ஒன்பது உயர்நீதிமன்றங்கள் அம்மனுக்கள் விசாரித்தற்குரியன என்றன. அரசு உச்சநீதிமன்றம் சென்றது. காவலர் ஒருவர் சொந்தப் பகையால் ஒருவரைக் கொன்றாலும் பரிகாரம் இல்லையோ என நீதிபதி எச். ஆர். கன்னா வினவினார். நெருக்கடி நிலை நீங்குமளவும் இல்லை என்றே அரசின் தலைமை வழக்கறிஞர் விடையிறுத்தார். 1976 ஏப்ரல் 28 அன்று ஐவருள் நால்வர் அரசின் பக்கமே தீர்ப்பளித்தனர். கன்னா ஒருவரே மாறுபட்டார். 1977 ஜனவரியில், அவரைக் கடந்து, பணியில் அவருக்கு இளையவரான பேக் தலைமை நீதிபதியாக்கப்பட்டார். கன்னா பதவி துறந்தார்.

நால்வரும் சட்டம் அறியாதவரல்லர். ஐவர் முன்னும் இருந்தது ஒரே அரசியலமைப்புச் சட்டந்தான். அதனைக் கொண்டே ஒருவர் மறுக்க முடிந்ததெனின், ‘சட்டம் இடந்தரவில்லை, யான் என் செய்வேன்?’ என்னும் சொல் வலியிழந்து போகின்றதன்றோ?

1978-இல் நிறைவேறிய 44-ஆவது திருத்தம், உயிருக்கும் உரிமைக்கும் காப்பளிக்கும் 21-ஆம் பிரிவை நெருக்கடி நிலையிலும் முடக்கலாகாதென விதித்தது. நால்வருள் ஒருவரான பகவதி 2011-இல் தம் தீர்ப்பு தவறென வெளிப்படக் கூறினார். பாண்டியனுக்கு ஒரு கணம் போதியதாயிற்று; இங்கோ முப்பத்தைந்து ஆண்டுகள் ஆயின. பின்னர், கருநாடக உயர்நீதிமன்றத்து ஓய்வுபெற்ற நீதிபதி புட்டசாமி தொடுத்த வழக்கில், 2017 ஆகஸ்டு 24 அன்று உச்சநீதிமன்றம் அப்பழந்தீர்ப்பைத் தள்ளியது. அவ்வாறு தள்ளி எழுதியோருள் ஒருவர், அந்நால்வருள் ஒருவரான சந்திரசூடின் மைந்தரே.

அலுவலகங்களிலும் ஆலைகளிலும் பொறுப்பேற்று, நாள்தோறும் தாள்களிற் கையொப்பமிடுவோர் நம்முள் பலர். ஆணை மேலிடத்ததாகலாம், கையொப்பம் நம்முடையது. அத்தாளில் எழுதப்பெற்றிருப்பது பிறிதொருவரின் வாழ்வு என்பதை நாமும் நம் இளையோரும் மறவாதிருப்போமாக.