மதிலில் இறக்கிய சாய்ப்பு

வீட்டுத் தோட்டத்தில் கண்ணாடிக் குடில் அமைக்க விரும்புகிறவர் முதலில் அதன் தோற்றத்தைத்தான் பார்க்கிறார். ஆனால் அந்தப் பழக்கம் வேரூன்றிய இங்கிலாந்தில் குடிலின் வடிவத்தை முடிவு செய்தவை கண்ணாடியின் விலையும் நிலக்கரிச் செலவுமே. 1746-இல் விதிக்கப்பட்ட கண்ணாடி வரி எடைக் கணக்கில் வசூலிக்கப்பட்டது. கண்ணாடி அதிகமானால் வரியும் அதிகம் என்ற நிலையில், தோட்டக்காரர்கள் தெற்கு பார்த்த உயரமான செங்கல் மதிலில் ஒரு சாய்ப்பு இறக்கினார்கள். ஒரு சரிவுக்கு மட்டும் கண்ணாடி போதும். பகலெல்லாம் வெயிலை வாங்கிய மதில் இரவில் அந்தச் சூட்டை உள்ளேயே விடும். சில மதில்களுக்குள் புகைவழி அமைத்து, பின்னால் அடுப்பெரித்துச் சூடேற்றியதும் உண்டு. அந்தக் குளிர் நாட்டில் திராட்சையும் பீச்சும் பழுத்தது இப்படித்தான். இருபுறமும் சரியும் முகட்டுக் குடிலில் வெளிச்சம் கூடுதல் என்பது உண்மையே. ஆனால் சூடு வெளியேறும் வழியும் கூடுதல்.

வரி இருந்த காலத்திலேயே துணிச்சலான வடிவங்கள் வந்துவிட்டனவே என்று கேட்கலாம். வந்தன. தோட்டக்கலை எழுத்தாளர் ஜான் லௌடன் 1816-இல் வளைந்த இரும்புச் சட்டத்தை உருவாக்கினார். வளைவான கூரையில் எந்த நேரத்திலும் ஏதோ ஒரு பகுதி கதிரவனுக்கு நேராக இருக்கும் என்பது அவர் கணக்கு. இங்கிலாந்தின் சாட்ஸ்வொர்த் மாளிகைத் தோட்டத்தில் தலைமைத் தோட்டக்காரர் ஜோசப் பாக்ஸ்டன் 1836 முதல் 1840 வரை எழுப்பிய பெரும் வெப்பக்குடில் ஏறத்தாழ 84 மீட்டர் நீளம். அதன் கூரையை அவர் முகடும் பள்ளமுமாக மடித்தார். சாய்ந்து வரும் காலை, மாலை வெயில் தடையின்றி நுழையும், உச்சிவெயிலின் கடுமை குறையும். நுட்பமான யோசனை. ஆனால் அதைச் சூடேற்றிய எட்டுக் கொதிகலன்களுக்குக் கரி வாங்கியவர் அந்த மாளிகையின் உரிமையாளரான டெவன்ஷர் பிரபு. அந்தப் பணம் இல்லாதவருக்கு அந்த வடிவமும் இல்லை.

1845-இல் வரி நீங்கியதும் சாய்ப்பு வழக்கொழிந்திருக்க வேண்டும் என்பது இன்னொரு வாதம். கண்ணாடி மலிவானது மெய்தான். 1851-இல் லண்டன் பொருட்காட்சிக்கு எழுந்த படிக மாளிகைக்கு ஏறக்குறைய 3,00,000 கண்ணாடிகள் கிடைத்தன. ஆனால் அந்த மாளிகையை வடிவமைத்த பாக்ஸ்டனே 1858-இல் எளியவர்களுக்கென்று காப்புரிமை பெற்ற, கழற்றி எடுத்துச் செல்லத்தக்க குடிலில், சுவரோடு சாய்த்து நிறுத்தும் வசதியையும் வைத்தார். வரி போனாலும் குளிர் போகவில்லை என்பது அவருக்குத் தெரியும். ஆகவே குடில் அமைக்க விரும்புவோர் முதலில் தங்கள் சுவரையும், அதில் விழும் வெயிலையும், சூடேற்ற ஆகும் செலவையும் பார்க்கட்டும். வடிவத்தைப் பிறகு தேர்ந்தெடுக்கலாம். இதற்குச் சாட்ஸ்வொர்த்தே சான்று. முதல் உலகப்போரில் கரி கிடைக்காமல் சாட்ஸ்வொர்த் பெருங்குடிலின் வெப்பமண்டலச் செடிகள் மடிந்தன. 1920-இல் அதை வெடிவைத்துத் தகர்த்தார்கள். அதே தோட்டத்தின் மதிலில் பாக்ஸ்டன் 1848-இல் பொருத்திய கண்ணாடிச் சாய்ப்பு இன்றும் நிற்கிறது.