டை ராடு: காரை விட மூத்தது

நெடுந்தூரம் காரிலேயே ஊருக்குக் கிளம்பும் நண்பர்களே, ஸ்டீயரிங் ஆடுகிறதா? முதலில் டை ராடைப் பாருங்கள். சக்கரங்களைத் திருப்பும் இந்தக் கம்பிக்குக் காரை விட வயது அதிகம்.

வளைவில் உள்சக்கரம் வெளிச்சக்கரத்தை விடக் கூடுதலாகத் திரும்ப வேண்டும். குதிரை வண்டிக்கு இதைச் செய்து காட்டியவர் மியூனிக்கின் லாங்கென்ஸ்பெர்கர். 1818-ல் லண்டனில் காப்புரிமை வாங்கியவர் அவருடைய ஏஜெண்ட் ஆக்கர்மன். பெயரும் அவருக்கே போயிற்று! வங்கி பாஷையில் சொன்னால், பணம் ஒருவருடையது, பாஸ்புக் இன்னொருவர் பெயரில்.

1886-ல் பென்ஸ் காப்புரிமை பெற்ற காருக்கு மூன்றே சக்கரம். நான்கு சக்கர ஸ்டீயரிங்குக்கு அவர் காப்புரிமை பெற்றது 1893-ல்தான்.

வீட்டிலேயே மாற்றுகிறவர்கள் ஜாக்கை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டும் வையுங்கள். பழைய முனையைக் கழற்றும்போது சுற்றுகளை எண்ணி, புதியதை அத்தனை சுற்றே ஏற்றுங்கள். பிறகு அலைன்மெண்ட் கட்டாயம். அது தவறினால் தேய்வது டயர்; டை ராடே கழன்றால் போவது உயிர்.