ஒரே பெயர், ரெண்டு பதில்: டிஎன்எஸ் ஏன் அப்பப்போ ஏமாத்துது?

வெப் டெவலப்மென்ட் பக்கம் வேலை பார்க்கிறவங்க எல்லாருக்கும் இந்தச் சண்டை தெரியும். "எனக்கு சைட் ஓப்பன் ஆகுதே, உனக்கு மட்டும் ஏன் ஆகலை?" பத்து நிமிஷம் கழிச்சு அப்படியே தலைகீழா மாறும். பழி சர்வர் மேல விழும், இல்லைன்னா அதைப் பார்த்துக்கிற ஆள் மேல விழும். ஆனா பல நேரம் கோளாறு சர்வர் வரைக்கும் போறதே இல்லை. பெயரை ஐபி முகவரியா மாத்துற இடத்திலேயே நின்னுடுது. அந்த இடம் ஏன் இப்படி இருக்குன்னு புரிஞ்சுக்க, கொஞ்சம் பின்னாடி போகணும்.

1970-கள். இன்டர்நெட்டுக்கு முன்னோடியான ஆர்பாநெட்டில் எந்தப் பெயருக்கு எந்த முகவரி என்பதற்கு ஒரே ஒரு ஃபைல்தான் இருந்தது. கலிஃபோர்னியாவின் மென்லோ பார்க்கில், எஸ்ஆர்ஐ என்ற ஆய்வு நிறுவனத்தில் எலிசபெத் ஃபைன்லர் தலைமையிலான குழு அதைப் பராமரித்தது. மற்ற ஊர்க்காரங்க அதை டவுன்லோட் செஞ்சு வெச்சுக்கணும். போன வாரம் எடுத்தவர் கையில் ஒரு பட்டியல், இன்னைக்கு எடுத்தவர் கையில் வேற பட்டியல். ஆக, "எனக்கு வருது, உனக்கு வரலை" அப்பவே ஆரம்பிச்சாச்சு.

கம்ப்யூட்டர்கள் பெருகினதும் இது தாங்கலை. 1983-ல் பால் மொக்கபெட்ரிஸ் டிஎன்எஸ் அமைப்பை வடிவமைத்தார். பட்டியலைப் பிரிச்சு, அவரவர் பகுதியை அவரவரே பார்த்துக்கிற ஏற்பாடு. கூடவே ஒரு முக்கியமான முடிவு: கேட்டு வாங்கின பதிலை நடுவில் இருக்கிற சர்வர்கள் கொஞ்ச நேரம் சேமிச்சு வெச்சுக்கலாம். அந்த ஆயுளுக்குப் பெயர் டிடிஎல். 86,400 விநாடின்னு போட்டா, ஒரு முழு நாள்.

இது இல்லைன்னா ஒவ்வொரு கிளிக்குக்கும் மூலத்தையே போய்க் கேட்கணும். ஆனா இதுக்கு ஒரு விலை உண்டு. காலை பத்து மணிக்கு சர்வரை வேற முகவரிக்கு மாத்துறீங்க. ஒன்பதரைக்குப் பழைய பதிலை வாங்கி வெச்சவருக்கு நாளை காலை வரை பழைய வாசல்தான் தெரியும். உங்க நெட்வொர்க்கில் ரெண்டு டிஎன்எஸ் சர்வர் இருந்து, ரெண்டும் வேற வேற நேரத்தில் பதில் வாங்கியிருந்தா? ஒரு தடவை வரும், அடுத்த தடவை வராது.

"அப்படி ஒரு பெயரே இல்லை" என்ற பதிலையும் சேமிக்கணும்னு 1998-ல் விதி வந்தது. புது சப்டொமைனை உருவாக்குறதுக்கு முன்னாடியே அவசரப்பட்டு பிரவுசரில் தட்டிப் பார்த்தா, அந்த "இல்லை" கொஞ்ச நேரம் ஒட்டிக்கும்.

அடுத்து, இரவல் பெயர்கள். சோதனை போன்ற தேவைகளுக்காகவே டாட் டெஸ்ட் உள்ளிட்ட நாலு பின்னொட்டுகளை 1999-லேயே ஒதுக்கி வெச்சாங்க. ஆனா பலரும் தங்கள் மெஷினில் டாட் டெவ்வைத்தான் பயன்படுத்தினாங்க. யாருக்கும் சொந்தமில்லாத பெயர்தானே என்ற நினைப்பு. அதைப் பிறகு கூகுள் முறைப்படி வாங்கியது. 2017 டிசம்பரில் குரோம் 63 வந்தப்போ, டாட் டெவ் எல்லாமே எச்டிடிபிஎஸ்-ல்தான் திறக்கணும் என்றானது. நேத்து வரைக்கும் ஓடின லோக்கல் சைட் நின்னுபோச்சு. பிரவுசரை அப்டேட் பண்ணாத பக்கத்து சீட்காரருக்கு மட்டும் ஓடுச்சு!

அதனால அடுத்த தடவை "சர்வர் டவுன்"னு சொல்றதுக்கு முன்னாடி, இந்தப் பதிலை யார் கொடுத்தாங்க, எப்போ வாங்கினதுன்னு கேளுங்க. டிக் கமாண்டில், அந்த டொமைனுக்குப் பொறுப்பான சர்வரை நேரடியா ஒரு முறையும், நீங்க வழக்கமா பயன்படுத்துற டிஎன்எஸ்ஸை ஒரு முறையும் கேட்டு ஒப்பிடுங்க. சர்வரை மாத்தப் போறீங்கன்னா, பழைய டிடிஎல் முடியற அளவுக்கு முன்கூட்டியே அதைக் குறைச்சு வையுங்க.

இன்னொண்ணு. அந்த 1970-களின் ஃபைலோட வாரிசு, 'ஹோஸ்ட்ஸ்' என்ற பெயரில், இப்பவும் உங்க லேப்டாப்பில் இருக்கு. பொதுவா டிஎன்எஸ்ஸைக் கேட்கிறதுக்கு முன்னாடி சிஸ்டம் பார்க்கிறது அதைத்தான். ஆறு மாசம் முன்னாடி சோதனைக்காக எழுதின ஒரு வரி அங்கே சும்மா உட்கார்ந்திருக்கலாம். முதல்ல அதைத் திறந்து பாருங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.