அம்மாயி சொல்லாத ஆகஸ்ட்

2013ல் வந்த 'இடா' என்ற போலந்துப் படத்தில் இரண்டு பெண்கள். ஒருத்தி மடத்தில் வளர்ந்தவள். தான் யூதப் பிள்ளை என்பதே அவளுக்குப் பிந்தித்தான் தெரிகிறது. மற்றவள் அவளுடைய அம்மாவின் சகோதரி. போரில் பட்டதைச் சுமந்துகொண்டிருப்பவள். இரண்டு பேருக்கும் ஒத்தே போகாது. ஆனா தேடிப் போவது ஒரே புதைகுழியை.

பலாங்கொடையில இருந்து பார்த்தா இது நமக்குத் தெரிஞ்ச கதைதான்.

1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு, 3,00,000 பேரை இலங்கைக்கு என்று பிரித்தது. மிச்சம் 1,50,000 பேரை 1974ல் சரிபாதியாகப் பங்கிட்டார்கள். அக்கா தலைமன்னாரில் கப்பலேறினாள், தங்கச்சி லயத்தில் நின்றாள்.

நின்றவர்களுக்கு 1977 ஆகஸ்ட் வந்தது. நுவரெலியா மாதிரி இல்ல நம்ம தோட்டங்கள். சிங்களக் கிராமங்களுக்கு நடுவே சிதறிக் கிடப்பவை. ஓடி ஒளிய தேயிலை மலையும் ரப்பர் காடும்தான். 1981 ஆகஸ்டில் மறுபடி: இரத்தினபுரி, பலாங்கொடை, காவத்தை, இறக்குவானை. பிறகு 1983 ஜூலை. ஆறு வருசத்தில் மூன்று தடவை.

பலர் வவுனியா பக்கம் போனார்கள். அங்கே அவர்களைக் குடியமர்த்தியது காந்தியம் அமைப்பு. அதை நடத்திய டொக்டர் இராஜசுந்தரம் 1983ல் வெலிக்கடைச் சிறையில் கொல்லப்பட்டார்.

கோத்தகிரிக்குப் போன அக்கா, "நீ பொறந்த மண்ணுல இருக்க" என்பாள். தங்கச்சி, "நீ தப்பிச்சுட்ட" என்பாள். யார் பட்டது அதிகம் என்ற இந்தப் போட்டியில, ரெண்டு பேரையும் பிரிச்ச கையெழுத்துகள் யாருடையவை என்பது மறந்துபோகுது.

பிள்ளைகளுக்கு வந்து சேர்ந்தது கதை இல்ல, பழக்கம். பஸ்ஸில் தமிழ்ல சத்தமா பேசாதே. அடையாள அட்டையை ஒரே பையில் வை. காரணத்தை யாரும் சொல்வதில்லை. யூதக் குடும்பங்களின் இரண்டாம் தலைமுறையைப் பற்றி எழுதியவர்களும் இதைத்தான் சொல்கிறார்கள்: பேசாததும் சொத்து மாதிரி இறங்கி வரும்.

1977ல் பத்து வயசா இருந்தவங்க இப்ப அறுபதை நெருங்குறாங்க, தாண்டியும் இருப்பாங்க. கேளுங்க: எந்தத் தோட்டம், எந்த டிவிசன், எந்தப் பாதையால ஓடினீங்க, ஒளிச்சு வச்சுக் காப்பாத்தின சிங்களக் குடும்பம் எது? ரெண்டு பக்கமும் எழுதி வைப்போம். அக்காவிடமும் கேட்போம், தங்கச்சியிடமும் கேட்போம்.