கையெழுத்தை வாபஸ் வாங்காத வீராங்கனை

1968 ஆகஸ்ட் 20. அன்றிரவு சோவியத் ஒன்றியத்தின் தலைமையில் வார்சா ஒப்பந்த நாடுகளின் டாங்கிகள் செக்கோஸ்லோவாகியாவுக்குள் புகுந்தன. மெக்சிகோ ஒலிம்பிக்குக்கு இரண்டு மாதம்கூட இல்லை. ஜிம்னாஸ்டிக்ஸ் சாம்பியன் வேரா சாஸ்லாவ்ஸ்காவுக்கோ பயிற்சிக்கூடமே இல்லாமல் போனது. கைதாகும் அபாயம் இருந்ததால் அவர் வடக்கே யெசெனிக்கி மலைப்பகுதியில் தலைமறைவானார்.

காரணம் ஒரு கையெழுத்து. அந்த ஆண்டு வசந்தத்தில் நாட்டின் கம்யூனிஸ்ட் கட்சித் தலைவர் அலெக்சாண்டர் துப்செக், தணிக்கையைத் தளர்த்திப் பேச்சுரிமைக்கு வழிவிட்டார். சீர்திருத்தம் பாதியில் நின்றுவிடக் கூடாது என்று எழுத்தாளர் லுத்விக் வாசுலிக் ஜூன் மாதம் எழுதிய ‘இரண்டாயிரம் வார்த்தைகள்’ அறிக்கையில் வேராவும் கையெழுத்திட்டிருந்தார். அந்தச் சீர்திருத்தத்தை நசுக்கவே டாங்கிகள் வந்தன.

1942இல் பிராகில் பிறந்த வேரா முதலில் கற்றது பனிச்சறுக்கு நடனம். பிறகுதான் ஜிம்னாஸ்டிக்ஸ். 1960 ரோம் ஒலிம்பிக்கில் அணிக்கான வெள்ளி கிடைத்தது. 1964 டோக்கியோவில், அதற்கு முந்தைய இரண்டு ஒலிம்பிக்கிலும் ஒட்டுமொத்தப் பிரிவில் தங்கம் வென்றிருந்த சோவியத்தின் லாரிசா லத்தினினாவைப் பின்னுக்குத் தள்ளி மூன்று தங்கம் வென்றார். 1965, 1967 ஐரோப்பிய சாம்பியன் போட்டிகளில் ஐந்து பிரிவுகளிலும் தங்கம் அவருக்கே.

அப்படிப்பட்டவருக்கு மலையில் கிடைத்தவை மரங்களும் புல்வெளியும்தான். கிளைகளைக் கம்பிகளாக்கித் தொங்கிச் சுழன்றார். உருளைக்கிழங்கு மூட்டைகளைத் தூக்கி உடலை வலுவாக்கினார். கம்பியைப் பிடித்துப் பிடித்துக் காய்த்த உள்ளங்கை மென்மையாகிவிட்டால் போட்டியில் தோல் கிழியும். அதனால் மண்வாரியால் கரி அள்ளினார். கடைசி நேரத்தில்தான் மெக்சிகோ செல்ல அனுமதி கிடைத்தது.

அங்கே தரைப் பயிற்சிக்கு அவர் தேர்ந்தெடுத்த இசை, மெக்சிகோ மக்களின் நெஞ்சுக்கு நெருக்கமான ‘ஹராபே தபாத்தியோ’ நடன மெட்டு. அரங்கம் அவர் பக்கம் சாய்ந்தது. நான்கு தங்கம், இரண்டு வெள்ளி வென்றார். பேலன்ஸ் பீமில் சோவியத்தின் நத்தாலியா குச்சின்ஸ்காயாவுக்கு அடுத்த இடம். தரைப் பயிற்சியில், இன்னொரு சோவியத் வீராங்கனை லாரிசா பெத்ரிக்கின் தகுதிச் சுற்று மதிப்பெண் திருத்தி உயர்த்தப்பட்டதால் தங்கத்தை அவருடன் பகிர்ந்துகொள்ள வேண்டியதாயிற்று.

இரண்டு பரிசளிப்பிலும் சோவியத் தேசிய கீதம் ஒலித்தது. மேடையில் நின்ற வேரா தலையைத் தாழ்த்தி, முகத்தை ஒருபுறமாகத் திருப்பிக்கொண்டார். ஒரு வார்த்தை பேசவில்லை, கையை உயர்த்தவில்லை. ஆக்கிரமிப்பில் சிக்கிய தன் நாட்டுக்காக அவர் தெரிவித்த எதிர்ப்பு அது. உலகம் பார்த்தது. அதே மெக்சிகோவில், அதே அக்டோபரில் தடகள வீரர் யோசெஃப் ஒட்லோசிலை மணந்துகொண்டு ஊர் திரும்பினார்.

ஊரில் ஆட்சி இறுகியது. கையெழுத்தைத் திரும்பப் பெறச் சொன்னார்கள், வேரா மறுத்தார். பயிற்சியாளர் வேலை மறுக்கப்பட்டது, வெளிநாட்டுப் பயணம் தடைபட்டது. உலகமே கொண்டாடிய வீராங்கனை வீடுகளைச் சுத்தம் செய்து பிழைக்க நேர்ந்தது. பல ஆண்டுகளுக்குப் பிறகே, மெக்சிகோவின் அழைப்பை ஏற்று அங்கே சிறிது காலம் பயிற்சி தர அனுமதித்தார்கள்.

1989 நவம்பரில் அந்த ஆட்சி கவிழ்ந்தது. புதிய அதிபர் வாட்ஸ்லாவ் ஹாவெல் அவரை ஆலோசகராக்கினார். செக்கோஸ்லோவாகிய ஒலிம்பிக் கமிட்டியின் தலைமையும், 1995இல் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியில் இடமும் தேடி வந்தன. 2016 ஆகஸ்ட் 30 அன்று பிராகில் காலமானார்.

ஒலிம்பிக்கில் அவர் வென்ற 7 தங்கமும் தனிநபர் பிரிவுகளில் வந்தவை. பெண்கள் ஜிம்னாஸ்டிக்ஸில் அந்தக் கணக்கை இதுவரை யாரும் எட்டவில்லை. சிமோன் பைல்ஸின் 7 தங்கத்தில்கூட இரண்டு அணிக்கானவை. ஆனால் வேராவின் பெயரைப் பதக்கப் பட்டியலோடு மட்டும் நிறுத்துவது நியாயமல்ல. ஒற்றைக் கையெழுத்தை வாபஸ் வாங்கியிருந்தால் வேலையும் வசதியும் திரும்பியிருக்கும். 21 ஆண்டுகள் அவர் அதைச் செய்யவில்லை.